தலைப்புக்கு விட்ட மூன்று வரிகள்

மூன்று வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும். இரண்டு நிமிடம். மாரீஸ்வரி அச்சுக் கோத்த மாதிரி எழுதுகிறவள், அவளுக்கு மூன்று நிமிடம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நகராட்சிக் கூட்ட அரங்கில், மின்விசிறிக்கு நேர் கீழே, தாள் பறக்காமல் இருக்க இடது முழங்கையை மேசையில் ஊன்றி, பேனா மூடியைக் கழற்றி அவள் உட்கார்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது, முதல் எழுத்து இன்னும் விழவில்லை. நகரமைப்புப் பிரிவின் தியாகு சார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன துண்டுச்சீட்டு பக்கத்தில் கிடந்தது. கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், கடைவீதியில் கட்டப்படும் புதிய கட்டடங்களுக்கான முகப்பு வடிவமைப்பு விதிகளைப் படித்து அறிந்து, முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறோம். அவ்வளவுதான். இதை மூன்று தாளிலும் மேலே எழுத வேண்டும். மூன்று மணிக்குக் கோப்பு கமிஷனர் மேசைக்குப் போய்விடும், போய்விட்டால் விதி விதியாகிவிடும், அப்புறம் கடைவீதியில் எழும்பும் எந்தக் கட்டடத்தின் முன்படியிலும் இரண்டு அங்குல எஃகு முள் வரிசையாக நிற்கும், ஒருவரும் உட்கார முடியாது. தாள்களில் அறுபத்து மூன்று கையெழுத்து இருந்தது. அறுபத்து மூன்றும் புளியோதரைப் பொட்டலத்துக்குப் போட்டவை. இந்த ஊரில் எந்தக் கூட்டமானாலும் அப்படித்தான், வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு தாள், கையெழுத்துப் போட்டால் கையில் ஒரு பொட்டலம், தாளின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை எவரும் குனிந்து பார்த்ததில்லை. இந்தத் தாளுக்குத் தலையே இல்லை. நாற்பத்தொன்றாவது கையெழுத்து பெ. சன்னாசி என்று, ன்னாவின் சுழி ஒன்று கூடுதலாகச் சுழிந்து கிடந்தது. அது அவளுடைய அப்பா. அவருடைய ரத்தம் மேடைக்குக் கீழே, முதல் வரிசை நாற்காலிகளுக்கு முன்னால், ஒரு தோசைக்கல் அகலத்துக்கு இன்னும் கிடந்தது.

தலையில்லாத தாளைத் தயாரித்தது அவள்தான், வேறு யாரும் இல்லை. நேற்று சாயங்காலம் தியாகு சார், மேல மூணு வரி விட்டுடும்மா, கூட்டம் எப்படிப் போகுதுன்னு பாத்து எழுதிக்கலாம் என்று சொன்னபோது அது அவளுக்கு எவ்வளவு நியாயமாகப் பட்டது. மக்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் இடம் விட்டு வைப்பது நேர்மைதானே என்று, அந்த மூன்று வரியை அளவுகோல் வைத்து, மில்லிமீட்டர் பிசகாமல், சந்தோஷமாக விட்டாள். முள்ளுக்கும் அப்படித்தான் சந்தோஷப்பட்டாள். முள்ளை வரைந்ததும் அவள்தான். விதி பதினான்கு, முன்படிகளிலும் முகப்பு விளிம்புகளிலும் ஆட்கள் அமராதவாறு தடுப்பு அமைத்தல். கணினித் திரையில் ஒரு முள்ளை வரைந்து, மூன்று அங்குல இடைவெளியில் நகலெடுத்து, நகலெடுத்து, ஒரு படி முழுக்க முளைத்து நின்றதும் எழுந்தாள். சாரிடம் போய், சார், முனை இவ்வளவு கூரா இருந்தா குழந்தைங்க விழுந்தா குத்திடும் சார் என்றாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, சரி மழுக்கிடு என்றார். முனை மழுக்கப்பட்டது என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டு அன்று வீட்டுக்குப் போகும் வழி எல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்தது, படித்ததற்கு ஒரு பயன், யாரோ ஒரு குழந்தையின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறோம். மழுங்கின முள் ஒரு ஆளின் தொடையில் என்ன செய்யும் என்று அன்றைக்குக் கணக்குப் போடவில்லை. கூரான முள் சட்டென்று இறங்கிவிடும். மழுங்கினது இறங்காது, எடை மேலே மேலே ஏற, தோலை முதலில் உள்ளே தள்ளும், தோல் ஒரு குழிபோல அமுங்கும், அப்புறம் கிழியும். எண்பது கிலோ மூட்டையை இறக்கிவிட்டு கால் நடுங்க வருகிறவன் பார்த்து உட்கார மாட்டான், விழுவான். விழுந்தால் எத்தனை முள். ஒரு சதுர அடிக்குப் பதினாறு. அவள் வரைந்த கணக்கு.

காலையில் கூட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதிப் பேர் கருத்துச் சொல்ல வந்தவர்கள், பாதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்கினவர்கள். வெள்ளைத் திரையில் புதுக் கடைவீதி தெரிந்தது, எல்லாக் கட்டடமும் சந்தன நிறம், எல்லாப் பெயர்ப்பலகையும் ஒரே உயரம், தெருவில் ஒரு மூட்டையும் இல்லை, ஒரு தள்ளுவண்டியும் இல்லை, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் குடையோடு நடந்து போனாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து சந்தன நிறம் மழையில் பச்சை பிடிக்கும் என்று பத்து நிமிடம் பேசினார். வளையல் கடைக்காரர் தன் கடைப் பலகை பாட்டன் காலத்துச் சிவப்பு, அதை மாற்றச் சொன்னால் தன்னைத்தான் மாற்ற வேண்டும் என்றார், அரங்கு சிரித்தது. மாரீஸ்வரி மைக்கை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமாக நடந்தாள். மைக்கை யார் கையிலும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் திரும்ப வராது, வாய்க்கு நேராக நீயே பிடி, நான் கை காட்டினால் எடுத்துவிடு என்பது சாரின் ஏற்பாடு. வர்த்தகர் சங்கத் தலைவர் பரமானந்தம் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார், பாத்திரக்கடைக்காரர், கத்திப் பேசுகிற ஆள் இல்லை. நமக்கு யார்மேலயும் கோபம் இல்லீங்க, வாடிக்கையாளர் ஏறி வர்ற படியில ஆளுங்க படுத்துக்கிடந்தா பொம்பளப்பிள்ளைங்க எப்படி ஏறி வரும், எச்சி, பீடி, நீங்களே சொல்லுங்க என்று மெதுவாகத்தான் சொன்னார். சொல்லும்போது அவருடைய விரல்கள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன, தூசி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அந்த விரல்களைப் பார்த்ததும் அவளுக்கு நினைப்பு வந்தது, அந்த விரல்களை ஒவ்வொன்றாக முள்ளின்மேல் வைத்து, மேலே ஒரு மிளகாய் மூட்டையை இறக்கினால் என்ன. இது எங்கிருந்து வந்தது என்று பயந்துபோய் அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எறும்பை மிதித்தால் நின்று பார்க்கிற பெண் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளுக்குள் இது எத்தனை வருஷமாகக் கிடந்தது.

பத்து வருஷம். எட்டாம் வகுப்பு, அரைப் பரீட்சை லீவு. அப்பாவுக்குச் சோற்று வாளி கொண்டுபோனாள். பரமானந்தத்தின் பாத்திரக்கடைக்கு அப்போதுதான் புதிதாகக் கிரானைட் படி போட்டிருந்தார்கள், கறுப்பு, முகம் தெரியும். அப்பா எதிர்க் கடையின் லாரியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு, தலைத்துண்டை விரித்து அந்தப் படியின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கையில் தண்ணீர்ப் பாட்டில் பாதி சாய்ந்திருந்தது. கடை சூப்பர்வைசர் உள்ளேயிருந்து ஷட்டர் இழுக்கிற கம்பியை எடுத்துக்கொண்டு வந்தான். ஆள் உயரக் கம்பி, நுனியில் கொக்கி. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை, ஏய் எந்திரி என்றாவது சொல்லியிருக்கலாம். காதுக்குப் பின்னால் ஒரு அடி. தேங்காய் உடைகிற சத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள், அப்படி இல்லை, ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். அப்பா விழவில்லை. எழுந்து நின்றார். ரத்தம் கழுத்து வழியாகப் போய் பனியனுக்குள் இறங்கியது. அவன் கம்பி நுனியால் படியைக் காட்டி, இதத் தொடச்சிட்டுப் போ என்றான். அப்பா தலைத்துண்டைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து, குனிந்து, கிரானைட்டில் விழுந்த தன் ரத்தத்தைத் துடைத்தார். இரண்டு தரம் துடைத்தார். நல்லாப் போயிருச்சா என்று சாய்ந்து பார்த்தார். அப்புறம் அதே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு லாரியில் மிச்சம் இருந்த மூட்டைக்குப் போனார், பாதி லோடில் விட்டுவிட்டு வந்தால் கூட நிற்கிறவர்களுக்குச் சுமை கூடிவிடும் என்பதால். சோற்று வாளியோடு நின்ற மகளை அவர் பார்த்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அன்றைக்கு வாளியில் வெண்டைக்காய்க் கூட்டு.

அந்தத் தலையைத்தான் இன்றைக்கும். அதே பக்கமா. இல்லை, இன்றைக்கு நெற்றி, இடது புருவத்துக்கு மேல். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அப்பா இங்கே வருவதற்கு அவளிடம் அனுமதி கேட்டார். முந்தாநாள் சோறு சாப்பிடும்போது, அந்தக் கூட்டத்துக்கு நாங்கல்லாம் வரலாமா பாப்பா என்றார். யார் வேணாலும் வரலாம்ப்பா, பொதுமக்கள் கருத்துதான கேக்குறோம் என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, அங்க வந்து ஒன்னத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிற மாட்டேன், பயப்படாத என்றார். அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏம்ப்பா அப்படிச் சொல்றீங்க என்று ஒரு வார்த்தை. அவள் எழுந்து போய் ரசம் எடுத்து வந்தாள். வந்ததும் சொன்னபடியே செய்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாசல் மேசைக்கு முன்னால் குனிந்து கையெழுத்துப் போட்டார், அவள் நீட்டிய பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார், நன்றிங்க மேடம் என்றார். தன் மகளை மேடம் என்றார். அவருக்குப் பின்னால் நின்ற சுப்புக்காளை மாமா, அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். தியாகு சார் பக்கத்தில் நின்றதால் சிரிக்கவில்லை.

விதி பதினான்கு திரையில் வந்தபோது கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. படத்தில் முள் வெள்ளியாக மின்னியது, பூச்செடி வரிசை மாதிரி. அப்பாதான் எழுந்தார். அவள் மைக்கை ஏந்திக்கொண்டு போனாள், போகாமல் இருக்க முடியாதே, கை தூக்கிய எல்லாரிடமும் போகிறாளே. கொஞ்சம் கிட்ட வைங்க மேடம் என்றார். பிறகு மேடையைப் பார்த்து, "இந்த ஊசி காக்காய்க்கு வைக்கிறதுங்களா, எங்களுக்கு வைக்கிறதுங்களா?" என்று கேட்டார். அரங்கில் சிரிப்பு. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்த பரமானந்தத்தின் மருமகன் நவநீதன் திரும்பி, காக்கா அறிவுள்ளது, ஒரு தடவ பாத்தா அடுத்த தடவ வராது என்றான். அதற்கும் சிரிப்பு, முதல் சிரிப்பைவிடப் பெரிசு. அப்பா அந்தச் சிரிப்பு ஓயட்டும் என்று நின்றார். உட்காரத்தான் வீடு இருக்கே என்று யாரோ சொன்னதற்கு, "மூட்டைய எறக்கிட்டு மூச்சு வாங்குறதுக்கு நாலு கிலோமீட்டர் வீட்டுக்குப் போயிட்டு வரமுடியுங்களா? நாங்க படுக்கக் கேக்கல. ஒரு நிமிசம் குத்தவைக்க எடம் கேக்குறோம்" என்றார். குரல் உயரவில்லை. மைக் அதை அரங்கின் நான்கு மூலைக்கும் கொண்டுபோனது, பின்வரிசையில் லோடுமேன்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அப்போதுதான் தியாகு சார் மேடை ஓரத்திலிருந்து கையைக் காட்டினார். இரண்டு விரல், லேசாக, ஈயை விரட்டுகிற மாதிரி. அவள் மைக்கை எடுத்தாள். எவ்வளவு தூரம். ஒரு சாண். ஒரு சாண்தான். யோசிக்கக்கூட இல்லை, கை காட்டினால் எடு, எடுத்தாள், பதினோரு மாசம் பழகிய கை. அப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. அவர் மைக்கைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார், கோபமாக இல்லை, கோபமாகப் பார்த்திருந்தால் இப்போது தாங்கிக்கொள்ளலாம், ஒரு அதிகாரியைப் பார்ப்பதுபோல, இவங்க என்ன செய்வாங்க, மேல சொல்லியிருப்பாங்க என்பதுபோலப் பார்த்தார். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மைக் அங்கேயே இருந்திருந்தால் அவர் நடந்திருக்க மாட்டார். நடந்திருக்காவிட்டால் நவநீதன் எழுந்து குறுக்கே நின்றிருக்க மாட்டான், நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்க மாட்டான், சுப்புக்காளை மாமா ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்திருக்க மாட்டார், யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை வீசியிருக்க மாட்டார்கள், நவநீதன் பேச்சாளர் நிற்கிற இடத்திலிருந்த மைக் ஸ்டாண்டை, அடியில் இரும்பு வட்டு உள்ள ஸ்டாண்டை, தலைகீழாகத் தூக்கியிருக்க மாட்டான். அவள் கையில் மைக் உயிரோடு இருந்தது. அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. அப்பாவின் நெற்றி எலும்பு நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் அடி வாங்கியது. எல்லாரும் ஒரு நொடி உறைந்து நின்றார்கள். அந்த ஒரு நொடியில் அவள் அப்பா என்று கத்தியிருக்கலாம், மைக்கில் கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை. சுவிட்சை அணைத்தாள்.

அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற ஜெசிந்தாக்கா வாளியும் துடைப்பமுமாக வந்து ரத்தத்தின் பக்கத்தில் குத்தவைத்தாள். மிதிபட்ட புளியோதரையை முதலில் கூட்டி ஒதுக்கினாள். வெந்நீர் கொண்டுவரட்டுமா அக்கா என்று மாரீஸ்வரி கேட்டாள், தன் குரல் அலுவலகக் குரலாகவே வந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சுடுதண்ணி ஊத்துனா ரத்தம் இறுகிப் பிடிச்சுக்கும்டி, பச்சத்தண்ணிதான் என்றாள் ஜெசிந்தாக்கா. துடைத்துக்கொண்டே, வயசான காலத்துல அந்தாளுக்கு எதுக்கு இந்த வாய், பெத்த பிள்ள ஒண்ணு இருந்தா கூட்டிட்டுப் போயிருக்காதா என்றாள். மாரீஸ்வரி தாளைப் பார்த்தாள். கல்லூரி முகாமில் முதலுதவி சொல்லிக்கொடுத்தார்கள், தலையில் அடிபட்டவன் வாந்தி எடுக்கிறானா பார், கண்மணி இரண்டும் ஒரே அளவா பார், தூங்க விடாதே. அப்பா தூங்கிவிடுவார். அவருக்கு எங்கே சாய்ந்தாலும் தூக்கம் வரும், ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார், உள்ளே ஒரு ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருக்கும், மண்டைக்குள் ரத்தம் தேங்கத் தேங்க மூளை ஒரு பக்கமாக நகரும், கூட்டிக்கொண்டு போன சுப்புக்காளை மாமாவுக்கு அது தெரியாது, அசந்து தூங்குறாரு என்று பீடி பிடிக்க வெளியே போயிருப்பார். நான்கு தரம் அழைத்துவிட்டாள், எடுக்கவில்லை. அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடினால் எங்கே போகிறாய் என்று சார் கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டும். ஒரு மகள் யோசிக்கிற யோசனையா இது. பேனாவைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகம் வெள்ளையாக வெளுத்திருந்தது. இந்தப் பேனா நவநீதனின் கழுத்தில் எவ்வளவு தூரம் இறங்கும் என்று பார்த்தாள். அளவெடுக்கிற பழக்கம். மூன்று அங்குலம் இறங்கும், எலும்பு படாவிட்டால். பரமானந்தம் ரத்தத்தைப் பார்த்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார், அந்தக் கைக்குட்டையை அப்படியே தொண்டைக்குள் திணிக்கலாம். தியாகு சாரை என்ன செய்யலாம். அங்கே வந்து அவள் மனசு முட்டி நின்றது. தியாகு சாரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்தான் முதல் நாள் அவளுக்கு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டவர். சண்டை முடிந்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், போலீஸ் வேண்டாம்னு பேசியாச்சும்மா, அந்தப் பக்கமும் சரின்னுட்டாங்க என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அந்தப் பக்கம் என்றால் அப்பா. பிறகு சீட்டை எழுதினார். உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும், அதே பேனாவுல எழுதிரும்மா, உன் புதுப்பிப்பு ஆர்டரும் இன்னைக்குத்தான் வைக்கிறேன், ரெண்டையும் சேத்தே கையெழுத்து வாங்கிடுவேன் என்றார். மிரட்டவில்லை. நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார். அவளுக்கு ஒப்பந்த வேலை, இந்த மாதத்தோடு முடிகிறது. அந்த வீட்டில் முதுகில் எடை ஏற்றாமல் சம்பாதித்த முதல் ஆள் அவள்.

செல்பேசி மேசைமேல் அதிர்ந்து நகர்ந்தது. சுப்புக்காளை மாமா. ஏழு தையலும்மா, படம் எடுத்துப் பாத்துட்டாக, உள்ள ஒண்ணும் இல்லையாம், ஒரு ராத்திரி வச்சிருந்து அனுப்புறேன்னு சொல்லிட்டாக என்றார். அவளுக்கு மூச்சு திரும்பியது. அந்தா, கேக்குறாரு, குடுக்குறேன் என்றார் மாமா. அப்பாவின் குரல் மருந்தில் தடித்துக் குழறிப்போயிருந்தது.

"பாப்பா. சாரு ஒன்ன ஒண்ணும் சொல்லலையே? யாருக்கும் தெரியலையே?"

இல்லப்பா என்றாள். அப்ப சரி, வேலைய முடிச்சிட்டு நிதானமா வா என்று வைத்துவிட்டார். ஏழு தையல் போட்ட தலையோடு அவர் கவலைப்பட்டது அதற்குத்தான். அவர் வாங்கிய அடி பத்திரமாக இருக்கிறது, அவருடைய மகளைத் தொடவில்லை, ரத்தம் விழுந்த இடத்தைத் துடைத்தாயிற்று. ஜெசிந்தாக்கா இரண்டாம் தரம் துடைத்துக்கொண்டிருந்தாள். சாய்ந்து பார்த்தாள். மாரீஸ்வரிக்குக் கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது, நாற்காலியைத் தூக்கித் திரையில் அடிக்க வேண்டும், தாளைக் கிழிக்க வேண்டும், பல்லால் கிழிக்க வேண்டும். கிழித்தால் என்ன ஆகும் என்று அப்போதும் அந்தப் பாழாய்ப்போன மூளை யோசித்தது. கிழித்தால் நாளைக்கு வேறு தாள் வரும். புளியோதரைக்குப் பதில் தக்காளிச் சாதம். மேலே வெற்றிடத்தில் உண்மையை எழுதினால் என்ன. இவர்கள் பொட்டலம் வாங்கியவர்கள் என்று எழுதினால். மூன்று வரியையும் கத்திரியால் நறுக்கிவிட்டு வேறு துண்டு ஒட்டி நகலெடுத்தால் போச்சு, அலுவலகத்தில் அப்படி எத்தனை நகல் அவளே எடுத்திருக்கிறாள். அவள் தாளை ஒரு வரைபடத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள், எது சுமை தாங்கும், எதை வெட்டி எடுத்தாலும் கட்டடம் நிற்கும். கையெழுத்துக்கு அடுத்து ஐந்தாவது கட்டம். குறிப்பு. பழக்கத்தில் போட்டு வைத்தது, எல்லாக் கட்டங்களையும்விட அகலம், அறுபத்து மூன்று வரியிலும் காலி. ஆனால் கையெழுத்தை விட்டுவிட்டு அதை மட்டும் ஓரமாக நீளவாக்கில் வெட்டிவிடலாம். ஆகவே கையெழுத்தின் வாலைத் தொட்டு ஆரம்பிக்க வேண்டும்.

முதல் பெயருக்கு நேரே, கையெழுத்தின் கடைசிச் சுழியிலிருந்து தொடங்கி, புளியோதரைப் பொட்டலம் பெற்றார், விதிகள் இவருக்குப் படித்துக்காட்டப்படவில்லை என்று எழுதினாள். அச்சு மாதிரி எழுதினாள். இரண்டாவது பெயருக்கும் அதையே எழுதினாள். தலைமையாசிரியருக்கு, பொட்டலம் பெற்றார், நிறம் குறித்துப் பேசினார். வளையல் கடைக்காரருக்கு, பொட்டலம் பெற்றார், பலகை குறித்து மறுப்பு. பரமானந்தம் கையெழுத்துப் போடவில்லை, மேடையில் இருப்பவர்கள் போடுவதில்லை. நவநீதன் பதினெட்டாவது. பொட்டலம் பெற்றார் என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் கொஞ்சம் நிறுத்தினாள், பிறகு, மைக் ஸ்டாண்டால் ஒருவரை நெற்றியில் அடித்தார் என்று அதே அளவு எழுத்தில் எழுதினாள். எழுத எழுத உள்ளே அடித்துக்கொண்டிருந்தது அடங்கவில்லை, அது அப்படியே இருந்தது, ஆனால் விரல் வழியாக ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து வெளியே வந்தது. முப்பது. முப்பத்தைந்து. ஜெசிந்தாக்கா என்னடி இவ்வளவு எழுதுற என்றாள், அவள் அடுத்த வரிக்குப் போனாள். நாற்பத்தொன்று. பெ. சன்னாசி, லோடுமேன், அதிகப்படியான அந்தச் சுழி. பொட்டலம் பெற்றார், சாப்பிடவில்லை என்று எழுதினாள். விதி பதினான்கை எதிர்த்துப் பேசினார். பேசும்போது மைக் விலக்கப்பட்டது. அடிக்கப்பட்டார். கட்டம் நிறைந்துவிட்டது, ஓரத்துக்கு ஏறி, மைக்கை விலக்கியது நான் என்று எழுதி, ச. மாரீஸ்வரி என்று கையெழுத்துப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றியது. நாற்பத்திரண்டு, சுப்புக்காளை, பொட்டலம் பெற்றார்.

அறுபது முடிந்தபோது படியில் தியாகு சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. மணி இரண்டு ஐம்பது. ஓடலாம் என்று கால் சொன்னது, தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொள்ளலாம் என்று கை சொன்னது, இரண்டையும் கேட்காமல் அறுபத்தொன்றையும் அறுபத்திரண்டையும் எழுதினாள், அவசரப்பட்டால் எழுத்து உடையும். என்னம்மா முடிஞ்சுதா என்று அவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார், கை இடுக்கில் அவளுடைய ஆர்டர் உள்ள கோப்பு இருந்தது. ஒரு பேரு இருக்கு சார் என்று சொல்லி, எழுதி, பேனாவை மூடி, எழுந்து நின்று கொடுத்தாள். அவர் முதலில் மேலே பார்த்தார். மூன்று வரியும் வெள்ளையாக இருந்தது. அப்புறம் அவர் கண் வலது பக்கம் போனது, கீழே இறங்கியது, உதடு அசைந்தது. தாளைப் புரட்டினார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதும் வடிவதும் அவளுக்குத் தெரிந்தது, அறைந்துவிடுவாரோ என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டாள், அறையட்டும் என்றும் இருந்தது. இரண்டாம் தாளில், நாற்பத்தொன்றாவது பெயரில் அவர் விரல் நின்றது.

"யாரும்மா இந்த ஆளு?"

எங்கப்பா சார் என்றாள். ஏழு தையல் போட்டிருக்கு.